கீழே போட்டுப் பார்க்கிறவர்

நெவில் திருடியது ஒரே ஓர் அங்குலம். அட்டையில் காணாமல் போயிருந்ததோ இரண்டு.

நூறு கஜம் நடந்து போய்க் குறியட்டைக்கு முன்னால் நின்றவர், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மூன்று ஓட்டைகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு, குடும்பத்தோடு வீடு மாறிப் போனவர்களைப் போல, நடுப்புள்ளிக்கு வலப்பக்கம் இரண்டு அங்குலம் தள்ளி நின்றன.

“என்னாச்சு?” பின்னாலேயே வந்து நின்றார் ஷோனா. துப்பாக்கி அவருடையது.

“வலப்பக்கம் போயிருக்கு.”

“நிறையவா?”

“நான் நினைச்சதைவிட நிறைய” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் நெவில். “அதாவது, நான் எதிர்பார்க்கவே இல்ல.”

“அப்போ சிவப்புப் பொட்டு?”

“இன்னைக்குக் கிடையாது. மறுபடி குறி வெச்சு, மறுபடி கீழே போட்டு, அடுத்த சனிக்கிழமை பார்க்கணும்.”

“அடடா” என்றார் ஷோனா.

நெவில் அவரைப் பார்க்காமல் அட்டையைக் கழற்றினார். பாவம், பண்ணை வேலையை விட்டுவிட்டு இன்னொரு சனிக்கிழமையும் வர வேண்டும். எல்லாம் யாரால்?

நெவிலின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் கீழே போடுவார். அதுதான் சங்கத்தில் அவருடைய பதவி. வார நாட்களில் பள்ளத்தாக்கு முழுக்கப் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர், சனிக்கிழமையானால் மான் வேட்டைச் சங்கத்தின் சுடுதளத்துக்கு வந்து, அவரவர் கொண்டுவரும் துப்பாக்கியின் மேலுள்ள ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கி அடிபட்டாலும் குறி மாறாமல் நிற்கிறதா என்று சோதிப்பார். முதலில் குறி வைத்துச் சுடுவது. பிறகு துப்பாக்கியைக் காலி செய்து, இடுப்பு உயரத்திலிருந்து மாட்டுக்கொட்டகை ரப்பர் விரிப்பின் மேல் இடப்பக்கமாக ஒரு தடவை, வலப்பக்கமாக ஒரு தடவை, தலைகீழாக ஒரு தடவை விட்டுவிடுவது. மறுபடி சுடுவது. அதிலும் தேறினால், உடைமைக்காரர் அதை வண்டி சீட்டுக்குப் பின்னால் போட்டு ஒரு வாரம் ஜல்லிச் சாலையில் குலுக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை வந்ததும் சுடும் முதல் மூன்று குண்டுகளும் பழைய இடத்திலேயே விழுந்தால், நெவில் ஸ்கோப்பின் மேல் சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இல்லாதவருக்கு, ஏப்ரலில் மான்கள் கத்தும் பருவத்தில், சங்கத்தின் காட்டுக்குள் இடமில்லை.

வேடிக்கைக்கு வைத்த விதி அல்ல. ஆற்றுக் கல்லில் வழுக்கி விழுந்த ஒருவர், குறி கலைந்தது தெரியாமல் சுட்டுவிட, காயம்பட்ட மானைத் தேடிச் சங்கமே மழையில் அலைந்தது. அதற்குப் பிறகு வந்த விதி. நெவில் பொட்டு வைத்தால் வைத்ததுதான். அவரிடம் வேறு சொத்து இல்லாவிட்டாலும், இந்தப் பேர் இருந்தது.

வேறு சொத்து இல்லை என்பதும் உண்மைதான். மனைவி சில வருடங்களுக்கு முன்னால் குவீன்ஸ்லாந்துக்கு விடுமுறைக்குப் போனவர், முதலில் அந்த ஊர் வெயிலைப் பிடித்துப்போய், அப்புறம் அந்த வெயிலில் படுத்திருந்த ஒருவரைப் பிடித்துப்போய், அங்கேயே தங்கிவிட்டார். நெவில் அதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. தென்துருவப் பனியைச் சுமந்து வரும் தெற்குக்காற்றில் மழை சாய்ந்து அடிக்கும்போது மட்டும், மனைவியை முழுக்கக் குற்றம் சொல்வதற்கில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இப்படியிருக்கும்போதுதான், போன சனிக்கிழமை, ஷோனா வந்தார். கணவர் போன பிறகு அண்ணன் கீத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆட்டுப் பண்ணையை நடத்துகிறவர். கீத்துக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து, நடப்பதைத் தவிர எல்லாவற்றையும் செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்; அவர் எதையுமே செய்வதில்லை. தங்கையோடு வண்டியில் வருவார், குதிரைப் பந்தயச் செய்தியை விரித்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்.

துப்பாக்கியைக் கீழே போடும்போது உடைமைக்காரர்கள் பதறுவது வழக்கம். கண்ணை மூடிக்கொண்டவர்கள் உண்டு. பாய்ந்து பிடித்து விரலை நசுக்கிக்கொண்டவரும் உண்டு. ஷோனா கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் மேலேர்ந்து போடுங்க. எங்க அண்ணன் இதைவிட மோசமாப் போடுவான்.”

அந்த இடத்தில்தான் நெவில் விழுந்தார். விரிப்பு எதுவும் இல்லாமல்.

பிறகு ஷோனா துணியில் சுற்றி வைத்திருந்த சீஸ் ரோல்களைப் பிரித்தார். வெண்ணெய் உருகிய சூட்டில் இரண்டை அவர் கையில் வைத்துவிட்டு, “வீட்ல யார் சமைக்கிறா?” என்று கேட்டார். அடுத்த வாரம் பொட்டு வைத்துவிட்டால் இந்தக் கேள்வியை இனி யாரும் கேட்கப் போவதில்லை என்று நெவிலுக்கு உறைத்தது. துப்பாக்கி தேறிவிட்டால் ஷோனா வரமாட்டார். அவருடைய துப்பாக்கியோ, அவரைப் போலவே, எதற்கும் அசைவதாக இல்லை.

அதனால்தான் இந்த வாரம், ஷோனா முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் ஊற்றிய நேரத்தில், ஸ்கோப்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, குறியை நகர்த்தும் குமிழை நாலு க்ளிக் வலப்பக்கம் திருப்பிவிட்டார். நாலு க்ளிக் என்றால் ஓர் அங்குலம். ஒரே ஒரு வாரத்துக்குத்தான். அதன்பின் யோக்கியனாகிவிடுவது என்பது திட்டம்.

ஆனால் இரண்டு அங்குலம் போயிருக்கிறதே! இன்னோர் அங்குலம் எப்படிப் போயிற்று?

வேறு யாருடைய துப்பாக்கியாக இருந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, ‘குமிழைத் தொட்டது யார்?’ என்பதாகத்தான் இருக்கும். இந்த முறை அந்தக் கேள்வியைக் கேட்கிற யோக்கியதை அவருக்கு இல்லை. ஆகவே ஒரே முடிவுக்குத்தான் வர முடிந்தது: போன வாரம் கீழே போட்டதில் நல்ல ஸ்கோப்பை நிஜமாகவே உடைத்திருக்கிறார்.

*

அடுத்த சனிக்கிழமை குமிழின் பக்கமே போகவில்லை. மூடியைப் பார்த்துக்கூட மூச்சு விடவில்லை. ஷோனா வந்து இறங்கியதும் துப்பாக்கியை வாங்கி, மூன்று குண்டு சுட்டார்.

வலப்பக்கம். ஓர் அங்குலம்.

“மறுபடியுமா?” என்றார் ஷோனா.

“ஸ்கோப்பைப் பிடிக்கிற வளையத்துல கோளாறா இருக்கும். மாத்திடறேன்.”

“செலவாகுமா?”

“என்கிட்ட சும்மாதான் கெடக்கு.” சும்மா கிடக்கவில்லை. தன் துப்பாக்கியிலிருந்து கழற்றி மாட்டினார்.

“உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுக்கறேன்” என்றார் ஷோனா. முகம் என்னவோ போல் இருந்தது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நெவில் திருப்புளியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

அதற்கடுத்த வாரமும் வலப்பக்கம். ஓர் அங்குலம்.

இந்தத் தடவை வளையத்தின் அடித்தட்டை உலோகப் பசை போட்டு ஒட்டிவிட முடிவு செய்தார். பசையைக் குழைக்கும்போது ஷோனா, “நீங்க ஏன் நிறைய பேசறதில்ல?” என்று கேட்டார். நெவில் நிறையப் பேச ஆரம்பித்தார். பால் இயந்திரங்களைப் பற்றிப் பேசினார், ரப்பர் குழாய்களைப் பற்றிப் பேசினார், குழாய்களில் உள்ள வகைகளைப் பற்றிப் பேசினார். ஷோனா ஒரு கையைக் கன்னத்திலும் மறு கையைத் துப்பாக்கியின் மேலும் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நெவில் பேசி முடித்ததும் ஷோனா கையை எடுத்தபோது அந்தக் கை வரவில்லை. கம்பளிக் கையுறை துப்பாக்கியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“இழுக்காதீங்க! தட்டு பிடுங்கிக்கும்!”

“அப்போ நான் இப்படியே இருக்கவா?”

“கையை மட்டும் உருவிக்குங்க. கையுறை இருந்துட்டுப் போகட்டும்.”

துப்பாக்கி கையுறையோடு வீட்டுக்குப் போயிற்று. அடுத்த சனிக்கிழமை ஷோனா அதை அழகாகக் கத்தரித்து, ஓரம் பிரியாமல் நீல நூலால் தைத்துக் கொண்டுவந்திருந்தார். துப்பாக்கிக்குக் கம்பளிச் சட்டை போட்டது போலிருந்தது. நெவில் அந்தத் தையலை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுச் சுட்டார்.

வலப்பக்கம். ஓர் அங்குலம்.

இதற்குள் விஷயம் பரவிவிட்டது. சங்கச் செயலாளர் பேரி தன் துப்பாக்கியோடு வந்து நின்றார்.

“யோவ் நெவில், போன வருஷம் எனக்கு வெச்சியே, அது நெஜப் பொட்டா, ஒப்புக்கு வெச்ச பொட்டா?”

“உன்னுது நல்லாத்தான்யா இருக்கு.”

“அந்தம்மாவோடதும் நல்லாத்தான் இருந்துச்சாம். நீ போட்டதுக்கப்புறம் தான் கெட்டுப்போச்சாம். ஊரே பேசுது. எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடு. மெதுவாப் போடு.”

“மெதுவாப் போட்டா அது எப்படிய்யா சோதனை?”

பேரிக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பத்துப் பேர் துப்பாக்கிகளோடு வரிசையில் நின்றார்கள். எல்லோரும் பழைய பொட்டுக்காரர்கள். அன்று முழுக்க நெவில் துப்பாக்கிகளாகக் கீழே போட்டார். ஷோனாவோடு பேசவே நேரமில்லை. எதற்காக அந்த ஓர் அங்குலத்தைத் திருடினாரோ, அதுவும் போயிற்று. சீஸ் ரோல்கள் துணிக்குள்ளேயே ஆறின. அதைவிடக் கொடுமை, ஷோனா அவற்றில் நாலைந்தை வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்தார். பேரி இரண்டு தின்றார்.

போகிறபோது பேரி சொன்னார்: “பேசாம அந்தம்மாவ வின்டனுக்கு அனுப்பிடு. அங்க ஒருத்தன் புதுசா மெஷின் வெச்சிருக்கான். மெஷினே அடிக்குது, மெஷினே பார்க்குது. அடுத்த சனிக்கிழமையோட பேர் குடுக்கற கெடு முடியுது. உன்னை நம்பினா அவங்க இந்த வருஷம் காட்டுக்கே போக முடியாது.”

அதுதான் தைத்தது. ஷோனாவுக்கு வருடத்தில் கிடைக்கிற ஒரே விடுப்பு அந்த மூன்று நாள் காடுதான். ஆடும் இல்லாமல் அண்ணனும் இல்லாமல் மூன்று நாள். தன் சுயநலத்தால் அதையும் கெடுக்கப் போகிறார்.

அன்று மாலை, ஷோனா கீத்துக்குத் தேநீர் கொண்டுபோன இடைவெளியில், நெவில் ஒரு காரியம் செய்தார். தன்னுடைய சொந்த ஸ்கோப்பை எடுத்து ஷோனாவின் துப்பாக்கியில் மாட்டிவிட்டார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வயது, வித்தியாசம் தெரியாது. அந்த ஸ்கோப் ஒருமுறை அவரோடு பாறைச் சரிவில் உருண்டது ஊரே அறிந்த கதை. அவருக்கு இரண்டு விலா எலும்பு போயிற்று. ஸ்கோப்புக்கு ஒரு முடிகூட அசையவில்லை. அன்றிலிருந்து அவர் வாழ்க்கையில் இடம் மாறாமல் இருந்த ஒரே பொருள் அதுதான். குறி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை கீழே போட்டு, மறுபடி சுட்டார். கல் மாதிரி நின்றது.

“என்ன பண்ணீங்க?” என்று கேட்டார் திரும்பி வந்த ஷோனா.

“ஒண்ணுமில்ல. தூசி தட்டினேன்.”

*

கடைசிச் சனிக்கிழமை. தெற்குக்காற்று ஊசி போலக் குத்தியது. ஷோனாவின் பிக்கப் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தது. நெவில் துப்பாக்கியை வாங்கி, கையுறைத் துணியின் மேல் கன்னத்தைப் பதித்து, மூன்று குண்டு சுட்டார்.

அட்டைக்கு நடந்து போகவில்லை. ஸ்கோப் வழியாகவே தெரிந்தது.

வலப்பக்கம். ஓர் அங்குலம்.

துப்பாக்கியை மெல்ல மேசையில் வைத்தார். ஒரு வாரமாக அவர் மனதின் ஓரத்தில் உருண்டுகொண்டிருந்த சந்தேகம் இப்போது நடுவில் வந்து உட்கார்ந்தது. உடைந்த ஸ்கோப் ஒரு நாள் மேலே போகும், ஒரு நாள் கீழே போகும். இப்படி வாரம் தவறாமல் ஒரே பக்கம், ஒரே அளவு ஒழுங்காக உடையாது. வளையமில்லை, தட்டில்லை, ஸ்கோப்புமில்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சாமான்தான்.

“ஷோனா, கொஞ்சம் உக்காருங்க.”

ஷோனா உட்கார்ந்தார். தேநீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டாவது வாரம் நீங்க டீ ஊத்திக்கிட்டிருந்தப்போ, நான் குமிழை நாலு க்ளிக் திருப்பிட்டேன்.”

“நீங்களா?”

“நான்தான். பொட்டு வெச்சுட்டா நீங்க வரமாட்டீங்களேன்னு. ஒரு வாரம் கூட வரட்டுமேன்னு பண்ணிட்டேன். தப்புதான். அதுக்கப்புறம் சத்தியமா நான் தொடல.”

 ஷோனா குடுவையின் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“இப்போ உங்க துப்பாக்கியில இருக்கறது என் ஸ்கோப்பு. போன வாரம் உங்களுக்குத் தெரியாம மாத்தினேன்.”

“உங்க ஸ்கோப்பா? பாறையில விழுந்த அந்த...”

“அதேதான். அதுவும் இங்கே நிக்கல. அப்போ கோளாறு என்கிட்ட.” நெவில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். “யோசிச்சுப் பார்த்தேன். நீங்க வண்டியவிட்டு எறங்கினதும் சுடற முதல் மூணு குண்டு மட்டும்தான் தப்பாப் போகுது. உங்களோட உக்காந்து டீ குடிச்சப்புறம் சுட்டா நேராப் போகுது. மத்தவங்க துப்பாக்கியில இந்தப் பிரச்சினையே இல்ல. இதுக்கு என்ன அர்த்தம்னு இந்த வயசுல நான் வாயைத் திறந்து சொல்லிக்கிட்டிருக்க முடியாது. உங்க முன்னால என் குறி நிக்கல, அவ்வளவுதான்.”

ஷோனாவின் முகம் கழுத்திலிருந்து காது வரை சிவந்துபோயிற்று. கோபம்தான், பின்னே என்ன, என்று நெவில் நினைத்தார். பேரியிடம் பொட்டு டப்பாவைக் கொடுத்துவிடுவதென்று காலையிலேயே முடிவு செய்திருந்தார். இப்போது அது இன்னும் உறுதியாயிற்று.

“நெவில்...” என்றார் ஷோனா. 

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். இப்பவே கிளம்பினா வின்டனுக்கு நேரத்தோட போயிடலாம். மெஷினுக்கு இதயம் கிடையாது, சரியாப் பார்த்துடும். சாயங்காலத்துக்குள்ள பேரிகிட்ட பேரைக் குடுத்துடுங்க.”

துப்பாக்கியைக் காலி செய்து எடுத்துக்கொண்டு பிக்கப்பை நோக்கி நடந்தார்.

“நெவில், நில்லுங்க! துப்பாக்கிய நானே வண்டியில வெச்சுக்கறேன்!” ஷோனா பின்னாலேயே ஓடி வந்தார். “அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க! நெவில்!”

அண்ணனுக்குத் தெரிந்தால் அவமானம் என்று பதறுகிறார் போலும். அவர் மரியாதையைக் காப்பாற்றுவதுதான் தான் செய்யக்கூடிய கடைசி நல்ல காரியம் என்று நெவில் நினைத்தார். வண்டிக் கண்ணாடியைத் தட்டினார். கீத் பந்தயச் செய்தியை மடிக்காமலே கண்ணாடியை இறக்கினார். மூக்கு நுனி நீலமாக இருந்தது.

“கீத், தங்கச்சி மேல எந்தத் தப்பும் இல்ல. கோளாறு என்னுது. நீங்க ரெண்டு பேரும் நேரா வின்டனுக்குப் போங்க. அங்க மெஷின்ல வெச்சுப் பார்த்தா எல்லாம் சரியாயிடும்.”

கீத் அவரைப் பார்த்தார். மூச்சிரைக்க ஓடி வந்து நின்ற தங்கையைப் பார்த்தார். பிறகு செய்தித்தாளை மெதுவாக மடித்து முழங்காலின் மேல் வைத்தார்.

“வின்டன் மெஷின் மட்டும் என்னய்யா பண்ணும்? வாரா வாரம் உங்க கேட்டுக்கு வெளியே வண்டிய நிறுத்தி, பத்து சென்ட் காசை எடுத்து, அந்தக் குமிழை நாலு க்ளிக் வலப்பக்கம் திருப்பிட்டுத்தானே இவ உள்ளேயே வர்றா!”